குருவி குறைந்ததா, கூடியதா? கணக்கு வீட்டு வாசலில் இருக்கிறது!

அமாவாசை என்றால் காகத்துக்குச் சோறு வைக்காத வீடு தமிழ்நாட்டில் குறைவு. கொல்லைச் சுவரிலோ மொட்டை மாடியிலோ ஒரு கவளம் சோற்றை வைத்துவிட்டு, "கா, கா" என்று கூப்பிடுவார்கள். காகம் வந்து வாய் வைத்த பிறகுதான் வீட்டாருக்கு இலை போடப்படும். தலைமுறை தலைமுறையாக நடந்து வரும் வழக்கம் இது.

காகம் வந்ததா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். எத்தனை காகம் வந்தது என்று எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? போன வருஷம் எத்தனை, இந்த வருஷம் எத்தனை என்று எழுதி வைத்தவர் எத்தனை பேர்?

"இதையெல்லாம் எண்ணி என்ன ஆகப் போகிறது?" என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் இன்று நம் நாட்டில் எந்தப் பறவை வாழ்கிறது, எந்தப் பறவை தேய்கிறது என்று நிபுணர்கள் சொல்லும் முடிவுகளில் பெரும்பாலானவை, இப்படி எண்ணி எழுதிய சாதாரண மனிதர்களின் பட்டியல்களிலிருந்தே பிறந்திருக்கின்றன. பள்ளி ஆசிரியர்கள், மாணவர்கள், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள், இல்லத்தரசிகள் ஆகியோர் எழுதிய பட்டியல்கள் அவை.

விஞ்ஞானம் என்றால் கண்ணாடிக் குடுவையும் வெள்ளை அங்கியும் என்று நினைத்த காலம் போய்விட்டது. ஒரு காகிதம், ஒரு பென்சில், கால் மணி நேரப் பொறுமை, இவை போதும். இதற்கு மக்கள் விஞ்ஞானம் என்று பெயர்.

பொங்கலுக்கு ஒரு புது வழக்கம்

தமிழ்நாட்டில் 2015-ஆம் ஆண்டு முதல் பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. பறவை ஆர்வலர்கள் ஒன்று சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு இது. பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்கள் அந்த ஊரிலேயே கணக்கெடுக்கலாம். போகாதவர்கள் தங்கள் வீட்டு மாடியில் நின்றே கணக்கெடுக்கலாம்.

பொங்கலைத் தேர்ந்தெடுத்ததற்குப் பொருத்தமான காரணங்கள் உண்டு. அது அறுவடைக் காலம். வயலிலும் ஏரியிலும் பறவைகள் நிறைந்திருக்கும் காலம். வடதிசைக் குளிருக்கு அஞ்சி வரும் வாலாட்டிக் குருவி, மத்திய ஆசியாவிலிருந்து கூட்டம் கூட்டமாக வரும் சோளக்குருவி போன்ற விருந்தாளிகளும் அப்போது இங்கே இருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் எல்லோருக்கும் விடுமுறை!

உலகம் முழுவதற்குமான கணக்கெடுப்பு ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவை ஆராய்ச்சிக் கூடமும் ஆடுபான் சங்கமும் சேர்ந்து 1998-இல் இதைத் தொடங்கின. பிப்ரவரி மாதத்தில் நான்கு நாட்கள் நடக்கும். வீட்டுக் கொல்லையில் நின்று எண்ணுவதால் கொல்லைப்புறப் பறவைக் கணக்கு என்று அதற்குப் பெயர். 2013-இல் உலக நாடுகள் அனைத்துக்கும் அதன் கதவு திறந்தது. அதே ஆண்டில் இந்தியர்களும் அதில் சேர்ந்து கொண்டார்கள்.

எண்ணுவது எப்படி?

முறை மிக எளிது. ஓர் இடத்தைத் தேர்ந்து கொள்ள வேண்டும். வீட்டு வாசலாக இருக்கலாம், குளக்கரையாக இருக்கலாம், பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியாகவும் இருக்கலாம். குறைந்தது 15 நிமிடம் அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் கண்ணில் பட்ட பறவைகளையும், காதில் விழுந்த குரல்களுக்கு உரிய பறவைகளையும், அடையாளம் தெரிந்த மட்டும் எழுத வேண்டும். ஒவ்வொன்றும் எத்தனை என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். இடம், தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம் ஆகியவற்றையும் எழுத வேண்டும்.

ஒரே மைனா பத்து முறை வந்து போனால் பத்து மைனா என்று எழுதிவிடக் கூடாது. ஒரே நேரத்தில் அதிகமாக எத்தனை மைனா கண்ணில் பட்டதோ, அந்த எண்ணையே எழுதுவது பத்திரமான வழி. பெரிய கூட்டமாகப் பறந்தால் முதலில் பத்தை எண்ணிக்கொண்டு, அதைப் போல எத்தனை பங்கு இருக்கிறது என்று பார்த்துக் கணக்கிடலாம்.

பிறகு இந்தப் பட்டியலை இ-பேர்ட் என்னும் இணைய ஏட்டில் ஏற்ற வேண்டும். 2002-இல் தொடங்கிய ஏடு அது. செல்போன் மூலமே ஏற்றலாம். கட்டணம் ஒன்றும் இல்லை. தனக்குத் தெரியாத வேலை இது என்று பெரியவர்கள் தயங்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் பள்ளிப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் செய்து கொடுத்துவிடும்.

முக்கியமான விதி ஒன்று உண்டு. அபூர்வமான பறவையை மட்டும் எழுதிவிட்டுக் காகத்தை விட்டுவிடக் கூடாது. "காகம்தானே, இதை எழுதுவானேன்?" என்று நினைப்பதுதான் பெரிய தவறு. ஏன் என்பது போகப் போக விளங்கும்.

ஞாபகம் வேறு, கணக்கு வேறு

ஊரில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் ஒரு பேச்சு காதில் விழும். "அந்தக் காலத்தில் எவ்வளவு சிட்டுக்குருவி! இப்போது ஒன்றையும் காணோம். செல்போன் கோபுரம் வந்தது, குருவி போயிற்று." 2018-இல் வெளிவந்த '2.0' என்ற திரைப்படத்தின் கதையே இந்த நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டதுதான். படம் பார்த்த குழந்தைகளும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

2020-இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி முதல் அறிக்கை வெளிவந்தது. சுமார் 15 ஆயிரம் பேர் எழுதிய, ஒரு கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகளை ஆராய்ந்து எழுதப்பட்ட அறிக்கை அது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், 25 ஆண்டுகளாகச் சிட்டுக்குருவியின் நிலை ஏறக்குறைய ஒரே சீராக இருக்கிறது என்று அது கூறியது. ஆனால் சென்னை, பெங்களூர், மும்பை, தில்லி, கொல்கத்தா, ஐதராபாத் ஆகிய பெருநகரங்களில் குறைந்திருக்கிறது என்றும் கூறியது. செல்போன் கோபுரம்தான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

அப்படியானால் திண்ணையில் பேசியவர் பொய் சொன்னாரா? இல்லை. அவர் தம் தெருவைப் பார்த்தார். தெருவில் ஓட்டு வீடுகள் போய்க் கான்கிரீட் வீடுகள் வந்தன. கூடு கட்ட இறவாணமும் இல்லை, சுவர்ப் பொந்தும் இல்லை. குருவிக் குஞ்சுக்குத் தானியம் ஆகாது. புழு பூச்சி வேண்டும். செடி கொடி போன இடத்தில் அதுவும் போயிற்று. அவர் தெருவில் குருவி குறைந்தது உண்மை. ஆனால் அவர் தெருவே நாடு ஆகிவிடாது. எட்டுக் கல் தொலைவில் உள்ள கிராமத்தில் அதே குருவி மளிகைக் கடை வாசலில் தத்திக் கொண்டிருக்கலாம்.

ஞாபகத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. அது தான் நேசித்ததைப் பற்றியே பேசும். குருவி வீட்டுக்குள் வந்து கூடு கட்டிய பறவை. அதனால் அது இல்லாதது மனத்தில் உறுத்துகிறது. வீட்டுக்கு வெளியே இருந்த பறவை இல்லாமற் போனால் யார் கவனிக்கிறார்கள்?

பனங்காடைக்கு அழுவார் இல்லை

பனங்காடை என்ற பறவையை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பெயர் தெரியாமல் இருந்திருக்கலாம். தந்திக் கம்பியிலும் மின்கம்பியிலும் தனியாக உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்திருக்கும்போது பழுப்பாகத் தெரியும். பறந்தால் சிறகு முழுவதும் நீலம்! பனைமரப் பொந்திலே கூடு வைக்கும். வயலில் வெட்டுக்கிளி, வண்டு முதலியவற்றைப் பிடித்துத் தின்று விவசாயிக்கு உதவும். கர்நாடகம், ஒடிசா, தெலங்கானா ஆகிய மூன்று மாநிலங்களின் அரசுப் பறவை இதுவே.

2023 ஆகஸ்டில் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய இரண்டாவது பெரிய அறிக்கை வந்தது. 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதிய 3 கோடிக் குறிப்புகள் அதற்கு ஆதாரம். கோயமுத்தூரில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையம் உட்பட 13 நிறுவனங்கள் சேர்ந்து அதைத் தயாரித்தன. சுமார் 12 ஆண்டுகளுக்குள் பனங்காடை 30 சதவீதம் அளவுக்குக் குறைந்துவிட்டது என்று அந்த அறிக்கை சொன்னது.

சிட்டுக்குருவிக்கு ஒரு தினம் உண்டு. மார்ச் 20-ஆம் தேதி ஊரெங்கும் விழா நடக்கிறது. மரப்பெட்டிக் கூடு கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதே ஊரின் எல்லையில் பனங்காடை சத்தமின்றிக் குறைந்து கொண்டிருந்ததே! அதை யாரும் பேசவில்லை. திண்ணைப் பேச்சில் அது வரவில்லை. கணக்கில்தான் வந்தது.

அந்த அறிக்கை 942 வகைப் பறவைகளைப் பார்த்தது. அவற்றில் 338 வகைகளுக்கு நீண்ட கால ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் அளவுக்குக் குறிப்புகள் கிடைத்தன. அந்த 338-இல் 204 குறைந்திருக்கின்றன. 98 அப்படியே இருக்கின்றன. 36 மட்டுமே கூடியிருக்கின்றன. அதாவது பத்துக்கு ஆறு தேய்பிறை. உடனே கவனித்துக் காக்க வேண்டியவை என்று 178 வகைகளை அறிக்கை தனியே பிரித்துக் காட்டியது.

கூடியவை எவை? மாடப்புறா, குயில், மயில் போன்றவை. மனிதன் இருக்கும் இடத்தோடு ஒத்துப் போகக் கற்றுக் கொண்ட பறவைகள் இவை. மயில் ஒன்றரை மடங்கு கூடிவிட்டது. முன்பு 100 என்றால் இப்போது 250 என்ற கணக்கு. பயிரை மயில் மேய்கிறது என்று விவசாயிகள் முறையிடுவது கற்பனை அல்ல என்பதற்கும் இந்தக் கணக்கே சாட்சி. மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. சட்டத்தின் முழுப் பாதுகாப்பு அதற்கு உண்டு. ஆகவே இதற்கு நியாயமான வழி காண வேண்டுமானாலும் முதலில் சரியான எண்ணிக்கை வேண்டும். கணக்கு ஒரு கட்சியும் சேராது. குறைந்தால் குறைந்தது என்னும். கூடினால் கூடியது என்னும்.

எண்ணாமல் இருந்ததன் விலை

பறவை குறைந்தால் மனிதனுக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் பிணந்தின்னிக் கழுகின் கதையைக் கேட்க வேண்டும்.

ஒரு காலத்தில் இந்தக் கழுகுகள் நாட்டில் கோடிக்கணக்கில் இருந்தன. செத்த மாட்டை ஊர் எல்லையில் போட்டால் போதும். சில மணி நேரத்தில் எலும்பு மட்டும் மிஞ்சும். கூலி வாங்காத தோட்டிகள் அவை. அவ்வளவு சாதாரணமான பறவையை எண்ண வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் என்னும் ஆராய்ச்சியாளர், ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் 1980-களில் கழுகுக் கூடுகளைக் கணக்கெடுத்து வைத்திருந்தார். 1990-களில் மறுபடி எண்ணியபோது திடுக்கிட்டார். கூடுகள் காலியாகக் கிடந்தன. கழுகுகள் கிளைகளில் செத்துத் தொங்கின. பழைய எண் கையில் இருந்ததால்தான் இழப்பின் அளவு தெரிந்தது. பிறகு நாடு முழுவதும் தேடினார்கள். 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுக் கழுகு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு அழிந்துவிட்டது என்று தெரிய வந்தது.

காரணம் 2004-இல் வெளிப்பட்டது. மாடுகளின் வலிக்குக் கொடுத்த டைக்ளோபினாக் என்ற மருந்துதான் அது. அந்த மருந்து உடலில் இருக்கும்போது செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டு, அது சில நாளில் மடிந்தது. 2006-இல் இந்திய அரசு கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. இன்று தமிழ்நாட்டில் இந்தக் கழுகைப் பார்க்க விரும்புகிறவர் நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் போக வேண்டியிருக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. கழுகு போனதும் செத்த மாடுகள் அழுகிக் கிடந்தன. நாய்கள் பெருகின, தண்ணீர் கெட்டது, நோய் பரவியது. கழுகுகள் இல்லாமற் போனதால் 2000 முதல் 2005 வரை நம் நாட்டில் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024-இல் பொருளாதார அறிஞர்கள் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி மதிப்பிட்டது.

பரத்பூரில் எண்ணியதைப் போல நூறு ஊர்களில் ஆண்டுதோறும் எண்ணியிருந்தால்? முதல் சரிவிலேயே சந்தேகம் எழுந்திருக்கும். மருந்தைச் சில ஆண்டு முன்னதாகவே கண்டுபிடித்திருக்கலாம். காகத்தையும் எழுத வேண்டும் என்ற விதியின் பொருள் இதுதான். இன்று மலிவாக இருப்பது நாளைக்கும் மலிவாக இருக்கும் என்பதற்கு யாரும் ஜாமீன் கொடுக்கவில்லை.

சுட்டவர்கள் எண்ணத் தொடங்கினார்கள்

சாதாரண மக்கள் பறவைகளை எண்ணும் பழக்கம் அமெரிக்காவில் நூறாண்டுக்கு முற்பட்டது. அங்கே கிறிஸ்துமஸ் அன்று இரண்டு கட்சியாகப் பிரிந்து துப்பாக்கியோடு புறப்படும் வேடிக்கை ஒன்று இருந்தது. மாலையில் எந்தக் கட்சி அதிகமான பறவைகளையும் பிராணிகளையும் சுட்டுக் குவித்ததோ, அது ஜெயித்தது! பிராங்க் சாப்மன் என்ற பறவை அறிஞருக்கு இது பொறுக்கவில்லை. "சுட வேண்டாம், எண்ணுங்கள்" என்று யோசனை சொன்னார். 1900 டிசம்பர் 25 அன்று 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். அந்தச் சிறு தொடக்கம் இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது.

பிரிட்டனில் 1979-இல் சிறுவர்களுக்கான விளையாட்டாக ஒரு தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஜனவரி மாதக் கடைசியில் ஒரு மணி நேரம் தோட்டத்தைப் பார்த்து எழுத வேண்டும். இன்று அதில் லட்சக்கணக்கான குடும்பங்கள் பங்கு கொள்கின்றன.

இத்தகைய கணக்குகளால் விளைந்தது என்ன? தன்னார்வலர்கள் பல பத்தாண்டுகளாகச் சேர்த்த எண்களை முக்கிய ஆதாரமாகக் கொண்டு 2019-இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. வட அமெரிக்காவில் 1970-ஐ விடச் சுமார் 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று அது கூறியது. அவற்றில் பெரும்பகுதி காட்டில் ஒளிந்திருக்கும் அபூர்வப் பறவைகள் அல்ல. தோட்டத்திலும் வயலிலும் நாள்தோறும் கண்ணில் படும் குருவி இனங்களே.

படிக்காதவர் கணக்கை நம்பலாமா?

நியாயமான கேள்விதான். ஒருவர் கரும்பருந்தைக் கழுகு என்று எழுதிவிடலாம். ஒருவர் எண்ணிக்கையில் தவறலாம். இப்படிப்பட்ட பட்டியல்களை வைத்து முடிவு கட்டலாமா?

இதற்கு இரண்டு பாதுகாப்புகள் இருக்கின்றன. முதலாவது, விஷயம் தெரிந்தவர்கள் ஊர் ஊராகப் பட்டியல்களைச் சரிபார்க்கிறார்கள். மதுரையில் ஒருவர் வழக்கத்துக்கு மாறான பறவையை எழுதினால், "படம் உண்டா? எப்படி அடையாளம் கண்டீர்கள்?" என்று கேட்பார்கள். பதில் திருப்தி தராவிட்டால் அந்தக் குறிப்பு கணக்கில் சேராது.

இரண்டாவது பாதுகாப்பு கணக்கிடும் முறையிலேயே இருக்கிறது. ஒரு வட்டாரத்தில் 100 பேர் முழுப் பட்டியல் கொடுத்தார்கள். அவற்றில் 60 பட்டியல்களில் பனங்காடை இருந்தது என்று வைத்துக் கொள்ளலாம். பத்து ஆண்டு கழித்து 100 பட்டியல்களில் 40-இல் மட்டுமே அது இருந்தால், குறைகிறது என்று பொருள். ஒருவர் இருவர் தவறியதால் இந்தப் பெரிய போக்கு மாறிவிடாது. ஆனால் இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பார்த்த எல்லாப் பறவைகளையும் எல்லோரும் எழுதியிருக்க வேண்டும். அப்போதுதான், பட்டியலில் பனங்காடை இல்லை என்றால் அங்கே அது தென்படவில்லை என்று கொள்ள முடியும். இல்லை என்பதும் ஒரு செய்திதான்.

எனினும் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. செல்போனும் தொலைநோக்கியும் உள்ளவர்கள் நகரங்களில்தான் அதிகம். அவர்களும் பேர் பெற்ற ஏரி, சரணாலயம் என்று தேடிப் போகிறார்கள். அதனால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பட்டியல்கள் குவிகின்றன. மானாவாரிக் காடு, பனந்தோப்பு, கண்மாய்க்கரைக் கிராமம் ஆகியவற்றுக்குப் பட்டியல் அருமை. பனங்காடை வாழ்வதோ பின்னே சொன்ன இடங்களில்! எங்கே கணக்கு வேண்டுமோ அங்கே கணக்கர் இல்லை.

கேரளம் இதற்கு ஒரு வழி காட்டியது. மாநிலம் முழுவதையும் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்தார்கள். நல்ல இடம், மோசமான இடம் என்று பார்க்காமல் காடு, வயல், கடைத்தெரு எல்லாவற்றிலும் எண்ணினார்கள். 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் உழைத்தார்கள். 361 வகைப் பறவைகளைப் பற்றி ஏறத்தாழ 3 லட்சம் குறிப்புகள் சேர்ந்தன. எந்தப் பறவை எந்தப் பக்கம் வாழ்கிறது என்று காட்டும் வரைபடம் கிடைத்தது. சம்பளத்துக்கு ஆள் வைத்து இதைச் செய்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

எண்ணினால் மட்டும் போதுமா?

போதாது. நோயாளியின் சூட்டை அளந்தால் மட்டும் காய்ச்சல் இறங்கிவிடாது. ஆனால் அளக்காமல் மருந்து கொடுப்பவர் வைத்தியரும் அல்ல.

செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஊரார் இதைப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தார்கள். ஏரியில் அடையும் பறவைகளின் எச்சம் தண்ணீரில் கலந்து வயலுக்கு உரமாகிறது என்று கண்டு கொண்டார்கள். அதனால் பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுத்து, வெள்ளைக்கார அதிகாரிகளிடமே முறையிட்டுப் பாதுகாப்புப் பெற்றார்கள். திருநெல்வேலிச் சீமையில் கூந்தங்குளம் மக்களும் தங்கள் தெரு மரங்களில் கூடு கட்டும் நாரைகளை வீட்டுப் பிள்ளைகள் போலக் காத்து வருகிறார்கள். தங்கள் ஊருக்கு என்ன வருகிறது, எப்போது வருகிறது என்று அறிந்திருந்ததால்தான் அவர்களால் காக்க முடிந்தது.

எழுத்தில் உள்ள கணக்குக்கு மற்றொரு பலமும் உண்டு. ஊர் ஏரியை மண் போட்டு மூட ஒருவர் வருகிறார் என்று வைத்துக் கொள்ளலாம். "இந்தக் குட்டையில் என்ன இருக்கிறது?" என்று அவர் கேட்பார். "நிறையப் பறவை வரும், ஐயா" என்ற பதில் காற்றோடு போய்விடும். ஐந்து ஆண்டுப் பொங்கலுக்கு எடுத்த பட்டியலை நீட்டினால், அதிகாரி அதைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

எண்ணும் ஆர்வத்தில் பறவைக்குத் தொல்லை தரக் கூடாது என்பதையும் குழந்தைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். கூட்டைத் தொடுவது, கல் எறிந்து கிளப்புவது, குஞ்சைப் படம் எடுக்க மரம் ஏறுவது, இவை எல்லாம் தவறு. எட்டி நின்று எண்ணுவதே அழகு.

பாட்டியும் பேரனும்

இந்தக் கணக்கெடுப்பு குடும்பத்துக்கும் ஒரு நன்மை செய்கிறது. தவிட்டுக்குருவி எது, கரிச்சான் எது, செம்போத்து எங்கே கத்துகிறது, ஆள்காட்டி ஏன் அலறுகிறது என்பதெல்லாம் வீட்டுப் பாட்டிக்குத் தெரியும். பேரனுக்குத் தெரியாது. இணைய ஏட்டில் எப்படி ஏற்றுவது என்பது பேரனுக்குத் தெரியும். பாட்டிக்குத் தெரியாது. இருவரும் கால் மணி நேரம் ஒரே மரத்தடியில் உட்கார்ந்தால் பட்டியல் தயார்! பாட்டியோடு மறைந்து போக இருந்த பெயர்களும் பேரனின் வாயில் ஏறிவிடும்.

புதிதாக எழுத்துக் கற்றவர்களுக்கும் இது நல்ல பயிற்சி. காகம் 6, மைனா 4, கொக்கு 2, கிளி 3 என்று நாலு வரி எழுதினால் போதும். அந்த நாலு வரியும் நாட்டுக் கணக்கில் சேரும்.

பல வீடுகளில் பால் கணக்கு எழுதும் நோட்டு ஒன்று சமையலறை ஆணியில் தொங்கும். மாதக் கடைசியில் அரை லிட்டர் குறைந்தாலும் பால்காரரை நிறுத்திக் கேட்டுவிடுவார்கள். நோட்டு இருப்பதால் கேட்க முடிகிறது. வானத்தில் பறவை குறைந்தபோது கேட்பதற்கு நோட்டு இல்லை. கழுகு போனதே தெரியாமல் போயிற்று.

அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் இடம் இருக்கும். அடுத்த அமாவாசைக்குக் காகத்தைக் கூப்பிடும்போது, வந்தவை எத்தனை என்று அங்கே ஒரு வரி எழுதி, தேதியும் போட்டு வைக்கலாம். கணக்கு அங்கிருந்தே தொடங்கட்டும்.